முட்டித் தேய்மானத்துக்கு வெயிட் கஃப்: எதை வாங்கலாம், எப்படிக் கட்டலாம்

சர்ஜிக்கல் கடையில் வெயிட் கஃப், அதாவது பயிற்சிக்காகக் கணுக்காலில் கட்டும் எடை உறை, கேட்டால் இரண்டு வகை எடுத்துப் போடுவார்கள். மணலோ இரும்புக் குருணையோ நிரப்பித் தைத்து மூடியது ஒன்று. அரை கிலோ, 1 கிலோ, 2 கிலோ என்று தனித்தனியாகக் கிடைக்கும். இன்னொன்றில் வரிசையாகச் சிறு அறைகள் இருக்கும்; எடைப் பைகளை வேண்டியபோது செருகலாம், உருவலாம். முட்டித் தேய்மானத்துக்காகத் தொடையை வலுவாக்க நினைப்பவர்கள் இரண்டாவதையே வாங்க வேண்டும். முதல் வகை மலிவுதான். ஆனால் அரை கிலோ சில வாரங்களில் போதாமல் போய்விடும். அடுத்தது, அதற்கடுத்தது என்று வாங்கி, கடைசியில் அலமாரியில் ஒரு கஃப் கடையே இருக்கும்.

பெட்டியில் '2 கிலோ' என்று போட்டிருந்தால் அது ஒரு காலுக்கா, ஜோடிக்கா என்று கேளுங்கள். இணையத்தில் வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். வந்ததும் சமையலறைத் தராசில் ஒவ்வொரு பையையும் நிறுத்து, எடையைப் பேனாவால் அதன் மேலேயே எழுதிவிடுங்கள். ஒரு காலுக்கு 2 கிலோ வரை ஏற்றும்படி இருந்தால் பெரும்பாலானவர்களுக்குப் போதும்.

அரை கிலோவில் என்ன வந்துவிடும் என்று தோன்றலாம். முழங்காலுக்குக் கீழே உள்ள கால், பாதத்தோடு சேர்த்து, உடல் எடையில் சுமார் 6 சதவீதம். 65 கிலோ உள்ளவருக்கு ஏறக்குறைய 4 கிலோ. அதன் எடை மையம் முட்டியிலிருந்து 24 சென்டிமீட்டரில் இருக்கிறது. கஃப் கட்டும் கணுக்காலோ 40 சென்டிமீட்டரில். தூரம் கூடுவதால், அரை கிலோ கட்டினால் தொடையின் முன்தசைக்குச் சுமை ஐந்தில் ஒரு பங்கு ஏறுகிறது. 2 கிலோவில் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடும். எடுத்த எடுப்பில் 2 கிலோ கட்டக் கூடாது என்பது இதனால்தான்.

பயிற்சி என்பது உட்கார்ந்தபடி முட்டியை நீட்டி இறக்குவது. உட்காரப் பிளாஸ்டிக் நாற்காலியைவிடக் கட்டில் நல்லது. பாதம் தரையைத் தொடாத உயரம் வேண்டும். தொடைக்கு அடியில், முட்டியை ஒட்டி, மடித்த துண்டு ஒன்றை வைத்தால் விளிம்பு அழுத்தாது. கஃபைச் சாக்ஸின் மேல், கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே கட்டுங்கள். ஒரு விரல் நுழையும் தளர்வு இருக்கட்டும். இரண்டு நொடியில் நீட்டி, ஒரு நொடி நிறுத்தி, மூன்று நொடியில் இறக்க வேண்டும். காலைத் 'தொப்'பென்று விட்டால் பாதிப் பயிற்சி போயிற்று. வாய்விட்டு எண்ணுங்கள், மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும். 8 முதல் 12 முறை தூக்குவது ஒரு சுற்று. அப்படி இரண்டு சுற்று, நடுவே ஒரு நிமிட ஓய்வு, வாரத்தில் ஒருநாள் விட்டு ஒருநாளாக மூன்று நாள். கடைசி இரண்டு தடவை கடினமாக இருந்தால் எடை சரி. அடுத்தடுத்த இரண்டு பயிற்சி நாளில் 12 முறையும் சுலபமாக வந்தால் ஒரு பையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முட்டிச் சில்லுக்குப் பின்னால் வலிப்பவர்களுக்கு மட்டும் ஒரு மாற்றம். மாடிப்படி இறங்கும்போது வலி கூடுமே, அவர்கள்தான். கஃப் கட்டிக் காலை நீட்டும்போது சில்லின் மீதுள்ள அழுத்தம் கடைசிக் கட்டத்தில்தான் அதிகம். அதனால் அவர்கள் காலை முழுக்க நீட்டாமல், பாதி தூரத்தில் நிறுத்தித் திரும்ப வேண்டும். நூறு பேருக்கு ஒரே பயிற்சித் தாளை நகலெடுத்துக் கொடுக்கும் இடங்களில் இதைச் சொல்வதில்லை.

வலியே இல்லாமல் செய்ய வேண்டும் என்று காத்திருந்தால் யாராலும் தொடங்க முடியாது. பத்துக்கு ஐந்து வரை வலி இருக்கலாம். 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். மறுநாளும் இறங்காவிட்டால் ஒரு பையை எடுத்துவிடுங்கள், பயிற்சியை நிறுத்த வேண்டாம். முட்டி சூடாக வீங்கியிருந்தாலோ, மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தாலோ கஃபைத் தொடாமல் மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள், கழற்றியபின் தோலில் சிவப்போ கொப்புளமோ இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

'இதைக் கட்டிக்கொண்டே நடங்கள் சார், சீக்கிரம் குறையும்' என்று கடைக்காரர் சொல்வார். வேண்டாம். நடையின் இயல்பு மாறும், ஒவ்வொரு அடியிலும் கால் வீசப்பட்டு முட்டி இழுபடும்.

ரப்பர் பட்டை பற்றியும் கேட்பார்கள். இடுப்புப் பக்கத் தசைக்கு, காலைப் பக்கவாட்டில் விரிக்கும் பயிற்சிக்கு, பட்டை நல்ல பொருள். முட்டியை நீட்டுவதற்கு எங்கள் ஓட்டு கஃபுக்கே. பட்டையின் இழுவிசை நீளத்தைப் பொறுத்தது. பட்டையின் நிறம் அதன் வலுவைக் காட்டும்; தெராபேண்ட் என்ற நிறுவனத்தின் பட்டையை இரட்டிப்பு நீளத்துக்கு இழுத்தால் மஞ்சள் 1.3 கிலோ, சிவப்பு 1.7, பச்சை 2.1, நீலம் 2.6. முடிச்சை நான்கு விரல் தள்ளிப் போட்டால் கணக்கு மாறிவிடும். வேறு நிறுவனத்தின் சிவப்பு இதே சிவப்பு அல்ல. போதாததற்கு நம் வீட்டு எதிரி ஒன்று உண்டு: முட்டிக்குத் தேய்க்கும் எண்ணெய். அது பட்டால் ரப்பர் பிசுபிசுத்து, இழுக்கும்போது அறுந்து முகத்தில் அடிக்கும். தைலம் தேய்க்கிறவர்கள் பயிற்சி முடிந்தபின் தேய்க்கட்டும்.

கஃபால் முடியாததும் உண்டு. நாற்காலியிலிருந்து எழுவது, படியேறுவது போன்றவற்றுக்குத் தொடை, புட்டம், கெண்டை எல்லாம் சேர்ந்து உழைக்க வேண்டும். அதற்குக் காசில்லாத கருவி நாற்காலியே. நாற்காலி வழுக்காதபடி சுவரோடு ஒட்டிப் போட்டு, இரண்டு தலையணை வைத்து உயர்த்தி, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து மெதுவாக உட்காருங்கள். பழகப் பழக ஒவ்வொரு தலையணையாக எடுத்துவிடலாம்.

கனம் ஏற ஏற வலி குறையும் என்ற கணக்கும் தப்பு. 2021இல் 'ஜாமா' என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த 'ஸ்டார்ட்' ஆய்வில் முட்டித் தேய்மானம் உள்ள 377 பேரை 18 மாதம் கவனித்தார்கள். கனமான எடையுடன் பயின்றவர்களுக்கும், லேசான எடையுடன் பயின்றவர்களுக்கும், பயிற்சிக்குப் பதில் உடல்நல வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கும் இடையே முட்டி வலியில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் 3 கிலோ தூக்குகிறாரே என்று போட்டி போட வேண்டியதில்லை. எழுவதும் ஏறுவதும் சுலபமாகிறதா என்பதைக் கவனியுங்கள். ஆறு முதல் எட்டு வாரம் கொடுங்கள்.

முதலில் கெடுவது வெல்க்ரோ. நூலும் முடியும் ஏறிப் பிடிப்பு விடும். பழைய பல் துலக்கியால் தேய்த்தால் திரும்ப ஒட்டும். இரும்புக் குருணைப் பையைத் தண்ணீரில் முக்காதீர்கள், துருப்பிடித்துத் தையல் வழியே கறை கசியும். பைகளை உருவிவிட்டு உறையை மட்டும் அலசி, நிழலில் காயப்போடுங்கள்.