மயிலாடி கல் பட்டறைல பெரியப்பாவுக்கு நினைவுக்கல் செஞ்ச அனுபவம்

எங்க பெரியப்பா மெட்ராஸ் ரெஜிமெண்ட், 1971 டிசம்பர் பாகிஸ்தான் சண்டைல உயிர விட்டவரு, ஊருக்கு தந்தி மட்டும்தான் வந்துச்சு. வருசாவருசம் டிசம்பர் 16 அந்தச் சண்டைல ஜெயிச்ச நாளு, விஜய் திவஸ்னு டிவில காட்டும்போது எங்க அப்பா எந்திரிச்சு வெளிய போயிருவாவ. இந்த வருசம் அவங்களே 'ஒரு கல்லு வைக்கணும் மக்கா'ன்னாவ, அதான் கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடிக்குப் போனோம்.

பட்டறை சின்னதுதான், ரோட்டோரம், தூசி தாங்காது, ஆனா சிற்பி அண்ணாச்சி வேலைய விட்டு எந்திரிச்சு வந்து உக்காந்து பேசுனாவ. துப்பாக்கி, தொப்பி செதுக்கி 'வீர மதராசி, அடி கொல்லு'ன்னு ரெஜிமெண்ட் முழக்கத்த போடவான்னு கேட்டாவ. அப்பா வேண்டாம்னுட்டாவ. அண்ணாச்சி கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, 'வீட்ல அவர என்ன சொல்லி கூப்பிடுவீங்க'ன்னு கேட்டாவ பாருங்க, அம்பது வருசத்துல யாரும் எங்ககிட்ட கேக்காத கேள்வி அது. 'குட்டி'ன்னாவ அப்பா. ஆர்மி நம்பர், முழுப்பேரு, அதுக்குக் கீழ குட்டி.

உதயகிரி கோட்டைல டிலனாய் கல்லறை பாத்திருப்பீங்க, 1741ல குளச்சல்ல ராஜா மார்த்தாண்ட வர்மாகிட்ட தோத்து சரணடைஞ்ச டச்சு கம்பெனி படைக்காரரு, பிறகு திருவிதாங்கூர் படைக்கே தளபதியானவரு, அவருக்கு தமிழ்லயும் லத்தீன்லயும் கல்வெட்டு இருக்கு. குளச்சல் வெற்றித் தூண்கிட்ட நிக்கும்போதெல்லாம் நம்ம பக்கம் செத்த சாதாரண சிப்பாய்க்கு வீட்ல என்ன பேரோன்னு எனக்குத் தோணும், சின்ன வயசுலருந்தே.

ஒரு கொறை. 1971ன்னு எழுதிக் குடுத்தத சாக்பீஸ்ல 1917ன்னு வரஞ்சு வச்சிருந்தாங்க, வெட்டுறதுக்கு முன்ன நான் போய்ப் பாத்ததால தப்பிச்சோம், நீங்களும் கட்டாயம் போய்ப் பாருங்க. சொன்ன தேதிக்கு நாலு நாள் லேட்டு வேற. காசு பேசுனதுக்கு மேல ஒத்த ரூபா கேக்கல. மிஷின் வேண்டாம்னு கேட்டதால எழுத்து எல்லாமே கை உளிலதான் வெட்டுனாங்க, தொட்டா ஓரம் லேசா சொரசொரன்னு இருக்கும்.

டெம்போல இருந்து இறக்குன உடனே அப்பா தோள்ல கெடந்த துண்டால தூசியத் தொடச்சாவ, 'கு'வோட வளைவுல வெரல வச்சு மெதுவா இழுத்துக்கிட்டே வந்து 'டி'ல நிறுத்துனாவ. 'எங்க அம்மா பாத்திருக்கணும்'னாவ. டெம்போக்காரரு காசுக்கு நிக்காருங்கிறதே எங்களுக்கு மறந்துபோச்சு.