கீகேடா, ஈஸிஇடிஏவா, ஈகிளா? லைப்ரரியை வைத்து ஓர் அலசல்

பிசிபி (மின்னணு பாகங்களைப் பொருத்தும் சர்க்யூட் போர்டு) வரைய கீகேட், ஈஸிஇடிஏ, ஈகிள் ஆகியவற்றில் எந்த மென்பொருள் நல்லது என்று கேட்டால், ரௌட்டிங் (இணைப்புக் கோடு வரைவது) எப்படி, 3டி காட்சி எப்படி என்றுதான் பேச்சு போகும். ஆனால் போர்டு பல நேரம் வீணாவது ஃபுட்பிரிண்ட், அதாவது பாகம் உட்காரும் பேடுகளின் (ஒட்டும் காப்பர் இடங்களின்) அமைப்பு, தவறினால்தான். அதனால் லைப்ரரியை (பாகங்களின் ஃபுட்பிரிண்ட், சர்க்யூட் படத்தில் வரும் சிம்பல் ஆகியவற்றின் தொகுப்பை) எது எப்படிக் கையாள்கிறது என்பதை வைத்தே தேர்வு செய்ய வேண்டும்.

ஈகிளைப் புதிதாகத் தொடங்குபவர்கள் மறந்துவிடலாம். 2016-இல் அதை வாங்கிய ஆட்டோடெஸ்க், 2026 ஜூன் 7-உடன் நிறுத்துவதாக அறிவித்து, தன் ஃப்யூஷன் மென்பொருளுக்குள் சேர்த்துவிட்டது. ஃப்யூஷனின் இலவசப் பதிப்பில் 2 லேயர் (காப்பர் அடுக்கு), 80 சதுர செ.மீ. என்று வரம்பு உண்டு. பழைய ஈகிள் ப்ராஜெக்டுகளைக் கீகேடில் இம்போர்ட் செய்துகொள்ளலாம்.

மீதி இரண்டில்தான் உண்மையான போட்டி.

ஈஸிஇடிஏவில் எல்சிஎஸ்சி என்ற பாகங்கள் விற்கும் கடையின் பாக எண்ணைத் தேடினால் சிம்பல், ஃபுட்பிரிண்ட், 3டி மாடல் மூன்றும் ஒன்றாக வந்துவிடும். போர்டு செய்து தரும் ஜேஎல்சிபிசிபியிலேயே அசெம்பிளியும் (பாகங்களைப் பொருத்தும் வேலையும்) கொடுப்பதாக இருந்தால் இது பெரிய வசதி. கீகேடிலிருந்து அனுப்பும்போது ஐசி 90 அல்லது 180 டிகிரி திரும்பி நிற்கும் தொல்லை இங்கே குறைவு. ஆனால் பயனர்கள் போட்ட பாகங்களும் அதே தேடலில் வரும். யார் செய்தது என்று பார்க்காமல் எடுத்தால் ஆபத்து.

கீகேடில் எல்லாமே உங்கள் கணினியில் டெக்ஸ்ட் ஃபைலாக இருக்கும். ப்ராஜெக்டோடு சேர்த்து, மாற்றங்களைப் பதிவுசெய்யும் 'கிட்' மென்பொருளில் வைக்கலாம், யார் எதை மாற்றினார்கள் என்பது வரி வரியாகத் தெரியும். லேயருக்கோ பரப்புக்கோ காசு கேட்காது. நெடுநாள் வேலைக்கு இதையே சொல்வோம்.

ஃபுட்பிரிண்ட் எப்படித் தவறும் என்பதற்கு, 3.3 வோல்ட் தரும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்ஓடி-223 பேக்கேஜில் 1 கிரவுண்ட், 2 அவுட்புட், 3 இன்புட். எதிர்ப்பக்கம் உள்ள பெரிய டேப்பும் (அகலமான உலோகக் காலும்) அவுட்புட்தான். 7805 ரெகுலேட்டரில் டேப் கிரவுண்ட்; அந்தப் பழக்கத்தில் இங்கும் டேப்பைக் கிரவுண்டில் சேர்த்தால் அவுட்புட் நேராக ஷார்ட். டேப்புக்கு 4 என்று எண் கொடுத்து, சிம்பலில் நான்காவது பின் இல்லாமல் விட்டால் அந்த பேடுக்கு நெட்டே (மின் இணைப்பே) கிடைக்காது. சுற்றியுள்ள காப்பர் அதை விட்டு விலகி நிற்கும், சூடு இறங்க வழியிருக்காது. கீகேடில் டேப்புக்கும் 2 என்றே எண் கொடுங்கள், இரண்டு பேடும் ஒரே நெட்டில் வரும். ஈஸிஇடிஏவில் எடுத்த பாகமென்றால் டேப்பின் எண்ணைத் திறந்து பார்த்துவிட்டே வையுங்கள்.

சிம்பலில் பின் 2-க்கு 'பவர் அவுட்புட்' என்று வகை கொடுக்க வேண்டும். 'பவர் இன்புட்' என்று விட்டால், அந்த 3.3 வோல்ட் லைனுக்குச் சப்ளையே இல்லை என்று இஆர்சி (சர்க்யூட் படத்தின் மின் இணைப்புகளைச் சரிபார்க்கும் சோதனை) புகார் சொல்லும். பின்களை 1.27 மி.மீ. கிரிட்டிலேயே வையுங்கள்; விலகினால் ஒயர் தொட்டது போலத் தெரியும், இணைந்திருக்காது.

ஃபுட்பிரிண்டில் அடுத்த பொறி துளை. 2.54 மி.மீ. இடைவெளி ஹெடரின் (பின் வரிசைக் கனெக்டரின்) பின் 0.64 மி.மீ. சதுரம், அதன் மூலைவிட்டம் சுமார் 0.9. துளை 1.0, பேட் 1.7 மி.மீ. என்று கொடுத்தால் சரியாக நுழையும். கனெக்டர் டேட்டாஷீட்டில் படம் மேலிருந்தா கீழிருந்தா என்று பார்க்காவிட்டால் பின் வரிசை கண்ணாடியில் பார்த்தது போலத் தலைகீழாகும். க்யூஎஃப்என் (கால் நீட்டாமல் அடியிலேயே பேடுகள் உள்ள பேக்கேஜ்) ஐசியின் நடு பேட் முழுக்க சோல்டர் பேஸ்ட் விடாதீர்கள், சிறு கட்டங்களாகப் பிரித்து 50 முதல் 80 சதவீதம் போதும். அதிகமானால் ஐசி மிதந்து ஓரப் பின்கள் ஒட்டாது. முடிந்ததும் 1:1 அளவில் பிரிண்ட் எடுத்து, பாகத்தைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள்.

கீகேடில் ஒன்று மட்டும் பலரைச் சிக்கவைக்கிறது. லைப்ரரியில் ஃபுட்பிரிண்டைத் திருத்தினால் போர்டு தானாக மாறாது, அதில் பழைய நகல்தான் இருக்கும். போர்டு எடிட்டரில் 'அப்டேட் ஃபுட்பிரிண்ட்ஸ் ஃப்ரம் லைப்ரரி' கொடுத்து, டிஆர்சி (போர்டு வடிவமைப்பு விதிகளைச் சரிபார்க்கும் சோதனை) ஓட்டி, அதற்குப் பிறகே கெர்பர் (தயாரிப்புக்கு அனுப்பும் ஃபைல்கள்) எடுங்கள்.