பட்டி கய்யா கிங்ஃபிஷ்ஷா, மெற்றாலிக்காவா பிறீஸ்ற்றா?

இரண்டு புளூஸ் அல்பம், இரண்டு ஹெவி மெற்றல் அல்பம்: ஒவ்வொரு சோடியிலும் எது மேல் என்று பார்ப்போம். சுத்த தன்யாசி ராகம் தெரிந்த காதுக்கு, அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான புளூஸ் அந்நியமாகப் படாது. சட்ஜம், சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். கிற்றார்காரர் மைனர் பென்ரறொனிக் என்று சொல்வதும் இதே ஐந்து சுரத்தைத்தான். அதற்குள், சுத்த மத்திமத்துக்கு அரைச்சுரம் மேலே உள்ள பிரதி மத்திமத்தைத் தொட்டுவிட்டு விலகினால் புளூஸ் வாசனை வந்துவிடும். தொட்டு விலகாமல், சட்ஜத்திலிருந்து நேரே பிரதி மத்திமத்துக்குப் போய் அங்கேயே நின்று அதிரவிட்டது 1970இல் பேர்மிங்காமின் பிளாக் சபத். புளூஸ் வாசித்துக்கொண்டிருந்த குழு அது. ஹெவி மெற்றல் அங்கேதான் தொடங்குகிறது. ஆகவே இரண்டையும் ஒரே இருப்பில் அலசலாம்.

நாதஸ்வரமும் தவிலும் கேட்டு வளர்ந்த யாழ்ப்பாணத்துக் காது இரண்டு விஷயத்தை உடனே பிடித்துவிடும்: சுரம் எங்கே வளைகிறது, அடிக்கிற கை எங்கே நிற்கிறது. தட்சிணாமூர்த்தியின் தவிலில் ஆட்களைக் கட்டிப்போட்டது வேகம் மட்டுமா? அடிக்கு முன்னே விட்ட இடைவெளியும்தான். அந்தக் காதோடேயே இந்த நாலு அல்பத்தையும் கேட்போம்.

முதலில் புளூஸ். ஒரு பக்கம் கிறிஸ்ரோன் 'கிங்ஃபிஷ்' இன்கிறமின் '662' (2021). மற்றப் பக்கம் பட்டி கய்யின் 'ஏன்ற் டன் வித் த புளூஸ்' (2025). இரண்டையும் தயாரித்தவர் ஒரே ஆள், ரொம் ஹாம்பிறிட்ஜ். அவரே ட்றம்ஸ் வாசிப்பவர், பாட்டும் எழுதுபவர். அதனால் இரண்டுக்கும் இடையில் கேட்கிற வித்தியாசத்தில் பெரும்பகுதி கிற்றார் பிடித்த கைக்குரியது. கிங்ஃபிஷ் மிசிசிப்பியின் கிளாக்ஸ்டேலில் 1999இல் பிறந்தவர். 662 அந்தப் பகுதியின் தொலைபேசிக் குறியீடு. அல்பம் வந்தபோது அவருக்கு வயது 22, அதற்குக் கிராமி விருதும் கிடைத்தது. பட்டி கய்யின் அல்பம் அவருடைய 89ஆவது பிறந்தநாளன்று வந்தது.

கிங்ஃபிஷ்ஷின் விரல் சுத்தம். தந்தியை இழுத்தால் போய்ச் சேர வேண்டிய சுரத்தில் நேராகப் போய் நிற்கும். குரல் வயதுக்கு மீறிய கனம். குறை என்னவென்றால், சோலோ என்கிற தனி வாசிப்பைத் தொடங்கினால் இடைவெளி விடமாட்டார். ஒரு வசனம் முடிய முன்னரே அடுத்தது வந்துவிடும். பட்டி கய் அதற்கு நேர் எதிர். மூன்று சுரம் வாசிப்பார், நிறுத்துவார், சத்தத்தைக் கிசுகிசுப்பளவுக்கு இறக்குவார். நீங்கள் காதைக் கிட்டக் கொண்டுபோகிற நேரம் பார்த்து ஒரே இழுப்பில் அலறவிடுவார். அந்த இழுப்பில் காந்தாரம் எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். சாதாரண காந்தாரமும் இல்லை, அந்தர காந்தாரமும் இல்லை, இரண்டுக்கும் நடுவே. புளூஸின் உயிர் அந்த நூலிடைதான்.

கிற்றார் பழகுகிற பிள்ளைகள் இதை வாசித்தே பார்க்கலாம். ஏ சுருதியில், மூன்றாவது தந்தியின் 5ஆம் கட்டையை மிகக் கொஞ்சம், அரைச்சுரத்தின் பாதியளவு மட்டும் தள்ளுங்கள். அந்தக் காந்தாரம் வரும். பிறகு அதே தந்தியின் 7ஆம் கட்டையை முழுச்சுரம் தள்ளி, 9ஆம் கட்டையை அடித்து ஒத்துப் பாருங்கள். சுருதி குறைந்து நின்றால் அநேகமாக ஒரு விரலால் தள்ளியிருப்பீர்கள். மோதிர விரலுக்குப் பின்னால் நடுவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துக் கொடுத்து, மணிக்கட்டைத் திருப்பித் தள்ள வேண்டும். மெல்லிய தந்தியே 11இல் (அங்குலத்தின் ஆயிரத்தில் 11 பங்கு தடிப்பு) தொடங்குகிற கனமான தந்திக்கட்டு போட்டுக்கொண்டு விரல் நோகிறது என்று விடுவதைவிட, 9-42 கட்டில் பழகுவது நல்லது.

பட்டி கய் அல்பத்தின் குறை நீளம். 18 பாட்டு, ஜோ வோல்ஷ், பீற்றர் ஃபிறாம்ப்ற்றன், ஜோ பொனமாசா என்று விருந்தாளிகளும் அதிகம். சில பாட்டில் அவர் வீட்டிலேயே அவர் ஓரமாக நிற்பதுபோல் இருக்கிறது. ஆனால் 'வெயார் யூ அற்' பாட்டில் கூட நிற்பவர் கிங்ஃபிஷ்தான். இந்த ஒப்பீட்டுக்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அந்த ஒரு பாட்டைக் கேட்டாலே எந்தக் கை முந்துகிறது, எந்தக் கை பொறுக்கிறது என்று விளங்கும். புதிதாகப் புளூஸ் கேட்பவருக்கு '662' இலகு. எங்கள் ஓட்டு பட்டி கய்க்கு.

மெற்றலில் போட்டி வேறு மாதிரி. மெற்றாலிக்காவின் '72 சீசன்ஸ்' (2023) 12 பாட்டு, 77 நிமிடம். ஜூடாஸ் பிறீஸ்ற்றின் 'இன்வின்சிபிள் ஷீல்ட்' (2024) 11 பாட்டு, 52 நிமிடம். ஒரு பாட்டுக்குச் சராசரி ஆறரை நிமிடத்துக்குக் கிட்ட ஒன்று, ஐந்துக்குக் குறைய மற்றது. மெற்றாலிக்காவில் றிஃப்புக்கு, அதாவது திரும்பத்திரும்ப வருகிற கிற்றார் வரிக்கு, பஞ்சமில்லை. ஆனால் நாலு தரம் வந்தால் போதுமான றிஃப் எட்டுத் தரம் வருகிறது. யாரோ ஒருவர் கத்தரிக்கோலோடு பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். இல்லாத குறைக்கு நீங்களே வெட்டலாம்: தலைப்புப் பாட்டு, 'ஷடோஸ் ஃபொலோ', 'யூ மஸ்ற் பேர்ன்', 'லக்ஸ் இற்றேர்னா', கடைசியில் 'இனமொறாற்றா'. ஏறத்தாழ 35 நிமிடம். இந்த ஐந்தும் மட்டும் வந்திருந்தால் போட்டியே இருந்திராது.

'இனமொறாற்றா' 11 நிமிடத்துக்கு மேல். அந்தக் குழு தனித்து எழுதியதில் மிக நீளமான பாட்டு. நீளத்தைக் குறை சொல்லிவிட்டு இதைப் புகழக் காரணம் இருக்கிறது. நடுப்பகுதியில் கிற்றார்கள் விலகி, பேஸ் மட்டும் மெல்ல நடக்கும். ட்றம்ஸ் அதன் பின்னால் கால் சத்தம் கேட்காமல் வரும். பிறகு ஒவ்வொன்றாகக் கனம் ஏறும். மற்றப் பாட்டுகளில் இல்லாத மூச்சு இதில் இருக்கிறது, பழைய புளூஸ் நடையும் இருக்கிறது.

பிறீஸ்ற்றில் வெட்ட எதுவும் இல்லை. அல்பம் வந்தபோது பாடகர் றொப் ஹல்ஃபோர்டுக்கு வயது 72. உச்சத்தில் குரல் மெலிகிறது என்பது உண்மை. ஆனால் எங்கே ஏற வேண்டும், எங்கே நடுச்சுருதியில் நின்று அதட்ட வேண்டும் என்று தெரிந்து பாடியிருக்கிறார். பார்க்கின்சன் நோயோடு கிளென் ரிப்ற்றன், 2021இல் மேடையிலேயே பெருநாடி கிழிந்து உயிர் தப்பிய றிச்சி ஃபோக்னர்: இந்த இருவரும்தான் குழுவின் கிற்றார்காரர், தலைப்புப் பாட்டில் ஒரு வரி தளர்வில்லை. எனக்குள்ள ஒரே முறைப்பாடு ஒலிப்பதிவு. ட்றம்ஸின் அடி ஒவ்வொன்றும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் கேட்கிறது. தவில் கேட்ட காதுக்கு இது உறுத்தும். அப்படியிருந்தும் முழு அல்பமாக எடுத்தால் பிறீஸ்ற்தான்.

கேட்கிற கருவியும் தீர்ப்பை மாற்றும். இங்கே பல வீட்டில் இருப்பது வூஃபரோடு இரண்டு சின்ன ஸ்பீக்கர். வூஃபரைச் சுவர் மூலையில் தள்ளி, பேஸை முழுதாகத் திருகி வைத்திருப்பார்கள். கிற்றாரின் தடித்த தந்தி 82 ஹேர்ட்ஸ், பேஸ் கிற்றாரின் தடித்த தந்தி 41 ஹேர்ட்ஸ். சீமெந்துச் சுவரும் மாபிள் தரையும் உள்ள அறையில் மூலை வூஃபர் இந்தப் பகுதியை ஊதிப் பெருப்பிக்கும். '72 சீசன்ஸ்' அதில் சேறாகிவிடும், பிறகு பழி குழுவுக்கு. வூஃபரை மூலையிலிருந்து ஒன்றரை அடியாவது வெளியே எடுங்கள். பேஸ் திருகை மூன்றில் ஒன்றுக்கு இறக்குங்கள். போனில் பேஸ் பூஸ்ற் இருந்தால் நிறுத்துங்கள்.

டேற்றாக் கணக்கு: செக்கனுக்கு 320 கிலோபிற் தரத்தில் கேட்டால் நிமிடத்துக்கு 2.4 எம்பி. மெற்றாலிக்கா 185 எம்பி, பிறீஸ்ற் 125 எம்பி. ஒலித்தரம் குறையாத ஃபிளாக் கோப்பில் மெற்றாலிக்கா மட்டும் 500ஐத் தாண்டும். சாதாரண புளூரூத் இயர்போனில் அந்த மேலதிகம் காதுக்கு வந்து சேராது, வயர் உள்ளதென்றால் எடுங்கள்.

கொழும்பு பஸ்ஸில் பட்டி கய்யைப் போடாதீர்கள். என்ஜின் இரைச்சல் அந்தக் கிசுகிசுப்பு முழுவதையும் விழுங்கிவிடும், அலறல் மட்டும்தான் மிஞ்சும். ஏ9 வீதிப் பயணத்தில் பிறீஸ்ற் நன்றாகத் தாங்கும். பட்டி கய்யை, கோயில் ஸ்பீக்கர் ஓய்ந்த பிறகு, வீட்டில் மின்விசிறியையும் நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.