லெசோத்தோ சுற்றுலா போகிறவர்கள் கவனத்துக்கு: எங்கள் 18,600 ராண்ட் போய்விட்டது

ஞாயிறு இரவுதான் ஜோகன்னஸ்பர்க் திரும்பினோம். கொஞ்சம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்றுதான் இருந்தேன். இன்று காலை பார்த்தால் எங்களை ஏமாற்றிய அதே டூர் ஏஜென்ட், சமூக ஊடகத்தில் அதே பக்கத்தில், அதே நீர்வீழ்ச்சிப் படத்தைப் போட்டு, செப்டம்பர் 24 விடுமுறைக்கு "இன்னும் மூன்றே அறைகள்" என்று கூவிக்கொண்டிருக்கிறான். அதனால் இப்போதே எழுதுகிறேன். பெயர் போடவில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது. தவிர, பெயரை மாற்றிக்கொண்டு வர அவனுக்கு அரைமணி நேரம் போதும். சமூக ஊடகத்தில் பக்கம் வைத்து, மெசேஜிலேயே பேசி, வங்கிக் கணக்கில் பணம் வாங்கும் டூர் ஏஜென்ட். அவ்வளவு தெரிந்தால் போதும்.

கோவில்பட்டியிலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்திருந்தார்கள். ஆகஸ்ட் 9 விடுமுறையை ஒட்டி நீண்ட வார இறுதி. சிங்கம், யானை எல்லாம் காட்டியாகிவிட்டது. நாலாபக்கமும் தென்னாப்பிரிக்கா சூழ்ந்த, ராஜா இருக்கும் ஒரு குட்டி நாட்டைக் காட்டலாம் என்று லெசோத்தோவை முடிவு செய்தோம். நாடு முழுக்க மலை; மிகத் தாழ்வான இடமே கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டர். செமோன்கோங் என்ற ஊர், அதன் பக்கத்தில் 192 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே பாய்ச்சலாக விழும் மலெட்சுன்யானே அருவி. மாமா படத்தைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, குற்றாலமெல்லாம் இதுக்கு முன்னாடி குழாயடிதான்" என்றார். அந்தப் படத்தைப் போட்டிருந்தவன்தான் இந்த ஏஜென்ட்.

கணக்கு இப்படி: இரண்டு அறை, இரண்டு இரவு 7,600. சாப்பாடு 3,000. லெசோத்தோ தலைநகர் மசேருவிலிருந்து செமோன்கோங் போய்வர ஃபோர் வீல் வண்டி 4,800. குதிரைச் சவாரி, வழிகாட்டி 3,200. ஆக 18,600 ராண்ட். வண்டி எதற்கு, என் காரிலேயே வருகிறேனே என்று கேட்டேன். "சார், அது மலைப்பாதை, பனி, பாறை. உங்கள் செடான் பாதியில் நின்றுவிடும். பெரியவர்கள் இருக்கிறார்கள் இல்லையா?" என்றான். பெரியவர்கள் என்றதும் வாயை மூடிக்கொண்டேன்.

நான் ஏமாந்த இடம் இனிமேல்தான். அவன் ஒரு குரல் செய்தி அனுப்பினான். "சாப்பாடு சைவம் என்று குறித்துக்கொண்டேன். அம்மா முட்டை சேர்த்துக்கொள்வார்களா, கேக்கில் கலந்திருந்தால்கூடக் கூடாதா?" பத்து வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். சைவம் என்றால் கோழி பரவாயில்லையா என்று கேட்கிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். கேக்கில் முட்டை இருக்குமே என்று யோசித்துக் கேட்டவன் இவன் ஒருத்தன்தான். இவ்வளவு கவனமாகக் கேட்கிற ஆள் ஏமாற்றுவானா? அன்றே பாதிப் பணம், 9,300, அனுப்பினேன்.

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கவில்லை. மீதியைக் கட்டுவதற்கு முன் விடுதிக்கு நானே போன் போட்டேன். எண்ணை அவனிடம் வாங்கவில்லை, தனியாகத் தேடி எடுத்தேன். "என் பெயரில் இரண்டு அறை இருக்கிறதா?" என்று கேட்டேன். "இருக்கிறது, ந்டாட்டே" என்றாள் அந்தப் பெண். அங்கே ஆண்களை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அப்பா மாதிரி. நிம்மதியாகப் போனை வைத்தேன். மீதி 9,300-ஐயும் அன்றிரவே, அதுவும் உடனடியாகப் போய்ச் சேரும் முறையில், கூடுதல் கட்டணம் கட்டி அனுப்பினேன்! அந்தக் கூடுதல் கட்டணம் நினைவுக்கு வரும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன் கிளம்பி, வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி, லேடிபிராண்ட் தாண்டி மசேரு பாலத்தில் எல்லையைக் கடக்கும்போது மணி ஒன்று. இரண்டு மணிக்கு ஒரு பெட்ரோல் பங்கில் டிரைவர் வருவார் என்று பேச்சு. இரண்டரை ஆயிற்று, மூன்று ஆயிற்று. "டிரைவர் பக்கத்தில்தான் இருக்கிறார்." மூன்றரைக்கு, "டயர் பஞ்சர்." நான்கு மணிக்குப் போன் அணைந்திருந்தது. மாமி ஒரு வார்த்தை பேசாமல் பின்சீட்டில் உட்கார்ந்து, கொண்டுவந்த புளியோதரையை எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

பெட்ரோல் போடும் பையனிடம் செமோன்கோங்குக்கு ஃபோர் வீல் வண்டி எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். அவன் என் காரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "எதற்கு? கடைசி வரை தார் ரோடு." கிட்டத்தட்ட 120 கிலோமீட்டர், வளைவுகள் அதிகம், அவ்வளவுதான். பல்கலைக்கழகம் இருக்கும் ரோமா ஊரைத் தாண்டினால் மலை ஏற்றம். என் செடான் எங்கேயும் நிற்கவில்லை. 4,800 ராண்ட் கேட்டது இல்லாத ஒரு பயத்துக்கு!

ஆனால் இருட்டில் ஓட்டினேன் என்பதைச் சொல்ல வேண்டும். ஆகஸ்டில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. ரோட்டில் ஆடு, மாடு, குதிரை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு மேய்ப்பர் பையன்கள் திடீரென்று விளக்கு வெளிச்சத்தில் முளைக்கிறார்கள். பின்சீட்டில் மாமா கந்தசஷ்டி கவசம் சொல்லிக்கொண்டே வந்தார்.

விடுதியில் என் பெயர் இல்லை. இருந்ததாம், இப்போது இல்லையாம். அந்த ஏஜென்ட் இரண்டு அறையைத் தற்காலிகமாகக் குறித்து வைத்திருக்கிறான். கெடுவுக்குள் பணம் கட்டவில்லை, முன்பதிவு தானாகக் காலாவதியாகிவிட்டது. நான் போன் செய்தது அந்தக் கெடுவுக்குள். பெயர் இருக்கிறதா என்று கேட்டேன், இருந்தது, இருக்கிறது என்றார்கள். பணம் வந்ததா என்று நான் கேட்கவே இல்லை! அவர்களைக் குறை சொல்ல எதுவுமில்லை. கேட்ட கேள்விக்கு உண்மையான பதில்தான் வந்தது.

மிச்சம் இருந்தது ஒரே அறை, ஒரே இரவு. மறுபடியும் பணம் கட்டி, ஐந்து பேரும் அதில் படுத்தோம். வரவேற்பில் இருந்த அம்மா மாமியை "ம்மே" என்று கூப்பிட்டு, கையைப் பிடித்து அடுப்புப் பக்கம் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார். அம்மா என்று அர்த்தம் என்று சொன்னதும் மாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. அந்த நாட்டில் எங்களிடம் யாரும் ஒரு ராண்டுகூட ஏமாற்றவில்லை. ஏமாற்றியவன் தென்னாப்பிரிக்கக் கணக்கு எண்ணும் போன் எண்ணும் வைத்திருந்தவன்.

காலையில் அருவியைப் பார்த்தோம். குளிர்காலம் வறண்ட காலம், தண்ணீர் குறைவு. ஓரத்தில் பாறையில் படிந்த சாரல் பனிக்கட்டியாகத் தொங்கியது. செமோன்கோங் என்றால் புகை எழும் இடம் என்று அர்த்தமாம், அருவியின் சாரலை வைத்து வந்த பெயர். குதிரையை ஊர்க்காரர்களிடமே நேரில் பேசிக்கொண்டோம். ஏஜென்ட் வாங்கியதில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. என் மகள் குதிரையை விட்டு இறங்கவே மாட்டேன் என்றாள். நானும் கொஞ்ச நேரம் சிரித்தேன், பொய் சொல்லவில்லை. அப்புறம் 18,600 நினைவுக்கு வந்துவிட்டது. இரண்டாவது இரவு தங்க இடமில்லாததால் மசேருவுக்கு இறங்கி அங்கே ஒரு அறை எடுத்தோம். மொஷ்வேஷ்வே மன்னர் கோட்டை வைத்து ஆண்ட தாபா போசியு மலைக்கும் போவதாக இருந்தது, எனக்கு மனசில்லை.

சனிக்கிழமை அவன் போன் உயிர்பெற்றது. முதல் பதில்: "டிரைவர் வந்து காத்திருந்தார், நீங்கள்தான் வரவில்லை. வராதவர்களுக்குப் பணம் திரும்பாது." நாங்கள் நின்ற பங்கின் படத்தை நேரத்தோடு அனுப்பினேன். "கணக்குப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறேன், 7 முதல் 10 வேலை நாள்." கணக்குப் பிரிவின் எண்ணைக் கொடு என்றேன். "லோட் ஷெட்டிங் (மின்வெட்டு), சிஸ்டம் இல்லை." ஜோகன்னஸ்பர்க்கில் என் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டேன், அன்று லோட் ஷெட்டிங்கே கிடையாது. கடைசியாகக் கைகூப்பும் பொம்மை ஒன்று. அதோடு என்னைத் தடை செய்துவிட்டான். முட்டையைப் பற்றி அவ்வளவு அக்கறையாகக் கேட்ட அதே ஆள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் போலீஸில், பணம் கட்டியது தென்னாப்பிரிக்காவில், அங்கே போங்கள் என்றார்கள். இந்தப் பக்கம் வந்தால், விடுதி லெசோத்தோவிலா என்று இழுத்தார்கள். அரைநாள் உட்கார்ந்த பிறகு புகார் எண் கொடுத்தார்கள். வங்கியிலோ, நீங்களே அனுமதித்து அனுப்பிய பணம், சில நிமிடத்தில் அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள், முயற்சி செய்கிறோம் என்கிறார்கள். 18,600 ராண்ட். நம்ம ஊர்க் காசுக்கு மாற்றிச் சொல்ல மாமாவிடம் எனக்குத் தைரியமில்லை.

விவரமாக வழிகாட்டி எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இவை:

விடுதிக்கு நேரே பணம் கட்டுங்கள். நடுவில் ஆள் இருந்தால், பெயர் இருக்கிறதா என்று கேட்காதீர்கள்; எவ்வளவு பணம் வந்து சேர்ந்தது என்று கேளுங்கள்.

உடனடிப் பணப் பரிமாற்றம் வேண்டாம். கார்டில் கட்ட வழியில்லை என்கிறவனிடம் வாங்காதீர்கள்.

செமோன்கோங்குக்கு ஃபோர் வீல் வேண்டாம். ஆனால் தென்னாப்பிரிக்கப் பக்கத்திலிருந்து சானி கணவாய் என்ற வேறொரு மலைப்பாதையில் ஏறுவதாக இருந்தால் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் கீழேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரண்டையும் குழப்பித்தான் பயமுறுத்துகிறார்கள்.

கார் கடனில் இருந்தால் எல்லை தாண்ட வங்கியிடம் கடிதம் வாங்குங்கள். ஊரிலிருந்து வந்த பெரியவர்களுக்குத் தென்னாப்பிரிக்கா திரும்பி நுழைய விசா இருக்கிறதா என்றும் பாருங்கள். லெசோத்தோ நாணயமான மலோட்டியும் ராண்டும் ஒரே மதிப்புதான், அங்கே ராண்ட் செல்லும். இங்கே மலோட்டி செல்லாது, திரும்புவதற்குள் செலவழித்துவிடுங்கள்.

மசேருவை விட்டு மதியத்துக்குள் கிளம்பிவிடுங்கள்.

செப்டம்பர் 24-க்கு யாராவது ஏற்கெனவே பாதிப் பணம் கட்டியிருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். கணக்கு எண்ணை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.