என்டர் இல்லாத மூட்டைக் கணக்கு: நான்கு போகங்களின் அனுபவம்

மட்டக்களப்பு மாவட்டத்தின் களுவாஞ்சிக்குடியில் மாமாவின் அரிசி ஆலைக்கு, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து உழவு இயந்திரங்களில் வந்திறங்கும் நெல் மூட்டைகளை எண்ணுவதற்காகப் பைத்தானில் நான் எழுதிய சிறு நிரல், லினக்ஸ் நிறுவிய பழைய மடிக்கணினியில் நான்கு போகங்களாக ஓடுகிறது. மூட்டை ஒன்றுக்கு ஒரு விசை: சம்பாவுக்கு 1, நாட்டுக்கு 2, கீரிச் சம்பாவுக்கு 3. மூட்டைக்கு மூட்டை என்டரும் தட்டச் சொன்னால், தராசடியில் நிற்பவர் மறுநாளே கொப்பிக்குத் திரும்பிவிடுவார்.

முனையம், அதாவது கட்டளைகளைத் தட்டும் எழுத்துத் திரை, இயல்பில் ஒரு வரி முடியும்வரை எழுத்துகளைத் தன்னிடமே வைத்திருக்கும். அழித்துத் திருத்துவதற்கு அந்த இடைவெளி வேண்டும். முனையத்தின் நடத்தையை மாற்ற உதவும் டெர்மியோஸ் அமைப்பில் ஐகேனான் (வரி முடியும்வரை காத்திருப்பது), எக்கோ (தட்டியதைத் திரையில் காட்டுவது) இரண்டையும் அணைத்தால் விசை தொட்டவுடன் நிரலுக்கு வந்துவிடும். முதற்போகத்தில் நான் பைத்தானின் செட்ரா என்ற செயற்கூற்றைப் பயன்படுத்தினேன். அது நிரலை நிறுத்தும் கண்ட்ரோல்-சியையும் முடக்கியதோடு, திரையில் வரிகள் படிக்கட்டுப்போல வலப்புறம் சரிந்தன. ஐகேனானையும் எக்கோவையும் அணைத்து, கண்ட்ரோல்-சியை விட்டுவைக்கும் செட்சிபிரேக்கே இவ்வேலைக்கு அளவானது.

உண்மையான தலையிடி எஸ்கேப் விசையால் வந்தது. கடைசிப் பதிவை நீக்க அதை வைத்திருந்தேன். ஆனால் மேல் அம்புக்குறியும் எஸ்கேப், சதுர அடைப்பு, ஏ என மூன்று பைட்டுகளாகவே வருகிறது. யாரோ அம்புக்குறியில் கைபட்ட ஒரு மாலை, இரண்டு மூட்டைகள் கணக்கில் காணாமற்போயின, நாங்களோ களஞ்சியத்தில் தேடினோம். எஸ்கேப் வந்தபின் 50 மில்லிசெக்கன் பொறுத்து, தொடர்ந்து ஏதும் வருகிறதா என்று, உள்ளீடு காத்திருக்கிறதா எனச் சொல்லும் செலக்ட் மூலம் பார்க்கும்படி திருத்தினேன். அப்போதும் பிழை தீரவில்லை. வழமையான ரீட் செயற்கூறு ஒரு பைட்டைக் கேட்டாலும் மூன்றையும் தன் இடையகத்துக்குள் (தற்காலிகச் சேமிப்பிடத்துக்குள்) இழுத்துவிடுவதால், மிச்சம் ஏதுமில்லை என்று செலக்ட் கையை விரித்தது. இடையகம் இல்லாமல் நேரடியாக வாசிக்கும், ஓஎஸ் கூற்றிலுள்ள ரீடுக்கு மாறிய பிறகே நிம்மதி. இதைக் கண்டுபிடிக்க இரண்டு இரவுகள் போயின.

விவசாயியின் பெயரைத் தமிழில் பதியும் இடத்தில் மட்டும் பழைய வரி முறைக்கே திரும்பிவிடுகிறேன். 'கி' என்ற ஓரெழுத்தே ஆறு பைட்டுகள் என்பதால், அங்கே விசைவிசையாக வாசிப்பது வீண் வேலை.

நிரல் முடியும்போது முந்தைய அமைப்பை மீட்கும் வரிகளை, பிழை வந்தாலும் கடைசியில் ஓடும் ஃபைனலி பகுதியில் வைத்திருக்கிறேன். கில் கட்டளையை 9 என்ற எண்ணுடன் கொடுத்து வலுக்கட்டாயமாக நிறுத்தினால் அவை ஓடாமல், தட்டுவது எதுவும் திரையில் தெரியாத முனையம் மிஞ்சக்கூடும். அதற்கென, முனையத்தை இயல்புக்குக் கொண்டுவரும் 'எஸ்டிடிவை சேன்' என்ற கட்டளையை எழுதிய துண்டொன்று மடிக்கணினி மூடியில் ஒட்டியிருக்கிறது. மாமா அதைக் கண்ணை மூடிக்கொண்டே தட்டப் பழகிவிட்டார்.