ஒய்எஸ்ஐ புரோடிஎஸ்எஸ்: பினாங்கு ஆறுகளில் எதற்கு உதவும், எதற்கு உதவாது

நன்னீர்த் தரம், பருவநிலை மாற்றம் என்று முதுகலையோ முனைவர் பட்டமோ தொடங்குகிறவர்கள், ஆய்வு நிதி வந்ததும் முதலில் பட்டியலில் எழுதுவது ஒய்எஸ்ஐ நிறுவனத்தின் புரோடிஎஸ்எஸ் என்ற, நீரின் தரம் அளக்கும் இந்தக் கையடக்க மீட்டரைத்தான். எழுதுவதில் தப்பில்லை. உறுதியான கருவி, ஜிபிஎஸ் உள்ளேயே இருக்கிறது, ஒரு முறை சார்ஜ் போட்டால் இரண்டு நாள் களவேலைக்குத் தாராளமாக வரும். ஆனால் இதை வாங்கிவிட்டால் ஆற்றின் தரக் குறியீடு கைக்கு வந்துவிடும் என்று மேற்பார்வையாளரிடம் சொல்லிவிடாதீர்கள்.

மலேசியச் சுற்றுச்சூழல் துறையின் ஆற்றுநீர்த் தரக் குறியீட்டில் 6 அளவுகள் உண்டு. கரைந்த ஆக்சிஜனுக்கு 0.22, பிஓடிக்கு (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் செலவழிக்கும் ஆக்சிஜன்) 0.19, சிஓடிக்கும் (வேதிமுறையில் கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) மிதவைத் திடப்பொருளுக்கும் தலா 0.16, அம்மோனியா நைட்ரஜனுக்கு 0.15, பிஎச்சுக்கு (அமில, கார அளவு) 0.12 என்று எடை. இந்த மீட்டர் நேரடியாகத் தருவது ஆக்சிஜனும் பிஎச்சும் மட்டும், சேர்த்தால் 0.34. மீதிக்கெல்லாம் ஐஸ் பெட்டியும் ஆய்வுக்கூடமும்தான். பிஓடிக்கு 20 டிகிரி இன்குபேட்டரில் 5 நாள். மிதவைத் திடப்பொருளுக்குக் கண்ணாடியிழை வடிதாளில் வடித்து 103 முதல் 105 டிகிரிக்குள் உலர்த்தி எடை போடவேண்டும். நிதியில் பாதிக்கு மேல் மீட்டருக்கே போய்விட்டால் இந்த வேலைகளுக்குப் பணம் எங்கிருந்து வரும்?

அம்மோனியத்துக்கும் சென்சார் விற்கிறார்கள். கேபிள் முனையில் சென்சார் செருக இருப்பதோ நான்கு துளை. மின்கடத்துத்திறனும் (கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது) வெப்பநிலையும் சேர்ந்த சென்சாருக்கு ஒன்று, ஆக்சிஜனுக்கு ஒன்று, பிஎச்சுக்கு ஒன்று போனால் மிச்சம் ஒன்றுதான். அதில் கலங்கல் சென்சாரா, அம்மோனியமா என்று முடிவு செய்யவேண்டும். கலங்கலையே எடுங்கள். அம்மோனியச் சென்சாரின் முனை சில மாதங்களில் ஓய்ந்துவிடும். பொட்டாசியமும் சோடியமும் அதன் அளவைக் கெடுக்கும். நன்னீரில் மட்டுமே அதை நம்பலாம். சுங்கை பினாங்கின் (பினாங்கு ஆறு) கீழ்ப்பகுதியில் கடல் ஏற்றத்தின்போது கடல்நீர் உள்ளே வருகிறது, அங்கே அது காட்டும் எண்ணுக்கு மதிப்பே இல்லை. அம்மோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினால் மூன்றாம் வகுப்பு, 0.9ஐத் தாண்டினால் நான்காம் வகுப்பு; வகுப்பு எண் கூடக்கூட நீர் மோசம். இவ்வளவு சிறிய இடைவெளியை ஆய்வுக்கூட முறையில் அளப்பதே நல்லது.

அளவு தெரிந்த கரைசல்களில் வைத்துக் கருவியைச் சரிசெய்யும் அளவுத்திருத்தத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். முதலில் மின்கடத்துத்திறன், 1,413 மைக்ரோசீமென்ஸ் கரைசலில். பிஎச் கரைசல்களை முதலில் பயன்படுத்தினால் அவற்றின் உப்பு ஒட்டிக்கொண்டு இந்த அளவைக் கூட்டிவிடும். சென்சாரின் மேல் ஓட்டை வரை கரைசல் மூடவேண்டும், உள்ளே குமிழி நிற்காமல் லேசாகத் தட்டவேண்டும். அடுத்து பிஎச், 7இல் தொடங்கி 4 அல்லது 10. திரையில் பிஎச் எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள், முனை தரும் மில்லிவோல்ட்டையும் பாருங்கள். 7இல் சுழியத்துக்கு இருபுறமும் 50க்குள் இருக்கவேண்டும். 4க்கும் 7க்கும் இடையே 165 முதல் 180 வரை வித்தியாசம் வரவேண்டும். அது குறைந்தால் முனை தேய்ந்துவிட்டது, எத்தனை முறை திருத்தினாலும் சரிவராது. பிஎச் முனைக்கு ஒன்றரை ஆண்டு வாழ்வென்று கணக்கு வைத்து மாற்று முனைக்கு முன்பே பணம் ஒதுக்குங்கள். 10 கரைசல் திறந்த புட்டியில் காற்றின் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக் கெட்டுப்போகும், சிறிய புட்டியாக வாங்குவது மேல். கலங்கலுக்கு அயனி நீக்கிய நீர் சுழியம், அடுத்தது 124 எஃப்என்யூ (கலங்கலின் அலகு) கரைசல். பாதுகாப்புக் கூண்டைப் போட்டுக்கொண்டே திருத்துங்கள். களத்தில் அதோடுதானே அளக்கப்போகிறீர்கள்.

ஆக்சிஜன் சென்சாரை ஈரக்காற்றில் 100 விழுக்காட்டுக்குத் திருத்த, திருத்தக் கோப்பையில் சிறிது நீர் விட்டு, மூடியை இறுக்காமல், 10 முதல் 15 நிமிடம் காத்திருக்கவேண்டும். நம்மூர் வெயிலில் வண்டியின் பின்பக்கம் வைத்துத் திருத்துகிறார்கள். கோப்பை சூடேறிக்கொண்டே இருக்கும்போது அந்த 100 விழுக்காடு பொய். நிழலில் வையுங்கள். சென்சார் தொப்பி உலர்ந்துபோனால் குழாய்நீரில் ஒரு நாள் ஊறவிட்ட பிறகே நம்பலாம். பிஎச் முனையைக் காய்ச்சி வடித்த நீரில் போட்டு வைக்கவே கூடாது, உள்ளிருக்கும் உப்பு கசிந்து வெளியேறிவிடும்.

பினாங்கில் இரண்டு இடங்களுக்குத் தனிக் குறிப்பு தேவை. தண்ணீர்மலைக்கு மேலே, தாவரவியல் பூங்கா பக்கத்து ஓடைகள் கருங்கல் மலையிலிருந்து வருகின்றன. கரைந்த உப்பு மிகக் குறைவு. அத்தகைய நீரில் பிஎச் மெல்ல மெல்லத்தான் நிலைபெறும். எண் அசைவது நின்றபின்தான் குறிக்கவேண்டும், ஒரு நிமிடத்தில் எடுத்தால் தவறு. கீழே, கடல்நீர் கலக்கும் ஜெலுத்தோங் பக்கம் நேர்மாறு. ஏற்ற இறக்க அட்டவணை பார்க்காமல் மாதிரி எடுத்தால் ஆற்றை அளந்தீர்களா, கடலையா என்று தேர்வாளர் கேட்பார். 30 டிகிரி நன்னீரில் கரையக்கூடிய ஆக்சிஜன் லிட்டருக்கு 7.56 மில்லிகிராம், அதே வெப்பத்தில் கடல்நீரில் சுமார் 6.2. மீட்டர் உப்பைத் தானே கணக்கில் சேர்த்துக்கொள்ளும், மின்கடத்துத்திறன் சரியாகத் திருத்தப்பட்டிருந்தால் மட்டும்.

இனி பருவநிலை. 25 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு 8.26 மில்லிகிராம் ஆக்சிஜனை வைத்திருக்கும், 32 டிகிரியில் 7.3தான். வெப்பம் ஏறினால் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களும் ஆக்சிஜனை வேகமாகச் செலவழிக்கின்றன. ஆய்வின் உயிரே இதுதான். ஆனால் இந்த மீட்டரின் வெப்பநிலைத் துல்லியம் 0.2 டிகிரி. ஆறுகளின் வெப்பநிலை பத்தாண்டில் மாறுவதும் ஏறத்தாழ அந்த அளவுதான். காலை 8 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் உள்ள வித்தியாசம் அதைவிடப் பல மடங்கு. மாதம் ஒரு முறை பாலத்தில் நின்று எடுத்த எண்களை வைத்து "ஆறு சூடாகிறது" என்று எழுதினால் எந்த ஆய்விதழும் திருப்பி அனுப்பும். அதற்கு 15 நிமிடத்துக்கு ஒரு முறை தானே பதியும் சிறு வெப்பநிலை லாகர்களை நிழலான இடத்தில் கட்டிவிடவேண்டும். அவை மீட்டரின் விலைக்குப் பக்கத்திலேயே வராது. மீட்டரை ஆற்றிலேயே விட்டுவைக்கலாமே என்று தோன்றும். துடைப்பான் இல்லாத கருவி இது, நம் ஆற்றில் சில நாளிலேயே பாசி மூடிவிடும்.

விலைப்பட்டியல் கேட்கும்போது கைக்கருவி, கேபிள், ஒவ்வொரு சென்சார், திருத்தக் கரைசல்கள் என்று தனித்தனியாகக் கேளுங்கள், மொத்தத் தொகையில் எது விடுபட்டது என்று அப்போதுதான் தெரியும். பாலத்திலிருந்து இறக்குவதானால் 4 மீட்டர் கேபிள் போதாது, 10 மீட்டரும் எடைக்குண்டும் எடுங்கள். துளைகளின் ரப்பர் வளையங்களுக்குப் பூசும் கிரீஸை மறந்தால் உள்ளே நீர் புகுந்து பின்கள் துருப்பிடிக்கும். ஒவ்வொரு திருத்தத்தையும் கருவி தானே ஒரு கோப்பில் சேமிக்கிறது. நினைவகம் நிறைவதற்குள் அதைக் கணினிக்கு மாற்றி ஆய்வேட்டின் பின்னிணைப்பில் வையுங்கள். வாய்மொழித் தேர்வில் முதலில் கேட்கப்படுவது அதுவாகவே இருக்கும்.