மலேரியாத் தடுப்பூசி ஆய்வில் பிளாஸ்ட் சேவை: பயன்படுத்துபவரின் மதிப்பீடு

அமெரிக்காவின் தேசிய உயிரித்தொழில்நுட்பத் தகவல் மையம் கட்டணமின்றி வழங்கும், வரிசைகளை ஒப்பிட்டு ஒத்தவற்றைத் தேடித்தரும் பிளாஸ்ட் சேவையை, மலேரியா ஒட்டுண்ணியின் புரதங்களை ஒப்பிடுவதற்காக நெடுநாளாகப் பயன்படுத்திவருகிறேன். 1990-இல் அறிமுகமான இக்கருவியை இன்றும் முதலில் திறக்கிறேன் என்றால், முடிவை அது காட்டும் விதமே காரணம். மேல்வரியில் நாம் கொடுத்த புரதமும் கீழ்வரியில் அது கண்டெடுத்த புரதமும் நிற்க, இடைவரியில் ஒத்த அமினோ அமிலத்துக்கு அதைக் குறிக்கும் எழுத்தும், குணத்தில் நெருங்கிய மாற்றத்துக்குக் கூட்டல் குறியும், மற்றவற்றுக்கு வெற்றிடமும் இருக்கும். தடுப்பூசிக்கு இலக்கு தேடுபவர் அந்த வெற்றிடங்களைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும்.

சிவப்பணுவுக்குள் ஒட்டுண்ணி நுழைய உதவும் ஏஎம்ஏ1 புரதத்தை எடுத்துக்கொள்வோம். ஃபால்சிபாரம் ஒட்டுண்ணியின் 3டி7 வகையிலுள்ள அமினோ அமில வரிசையை இட்டால், அதே இனத்தின் பிற வகைகளோடு 90 விழுக்காட்டுக்கும் மேல் ஒற்றுமை தெரியும். அந்த எண்ணை மட்டும் நம்புவது ஆபத்து. 3டி7 வரிசையைக் கொண்டு செய்த தடுப்பூசியை மாலி நாட்டின் பண்டியாகராவில் 400 குழந்தைகளிடம் சோதித்து 2011-இல் முடிவை வெளியிட்டபோது, மலேரியாக் காய்ச்சலைத் தடுக்கும் திறன் மொத்தத்தில் 17.4 விழுக்காடாகவே இருந்தது. குறிப்பிட்ட சில இடங்களில் 3டி7-ஐ ஒத்த ஏஎம்ஏ1 கொண்ட ஒட்டுண்ணிகளுக்கு எதிராக மட்டும் அது 64.3 விழுக்காடு. எத்தனை எழுத்துகள் மாறின என்பதைவிட, எந்த இடத்தில் மாறின என்பதே முக்கியம். பிளாஸ்ட் தரும் மதிப்பெண்ணோ அந்த வேறுபாட்டை அறியாது. எதிர்ப்பொருள் பற்றுவது மடிந்த புரதத்தின் மேற்பரப்பை என்பதால், முப்பரிமாண அமைப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே இம்முடிவுகளைப் படிக்கிறேன்.

சில எழுத்துகளே மீண்டும் மீண்டும் வரும் எளிய வரிசைப் பகுதிகளை மறைக்கும் வடிகட்டியைப் பற்றி, புதிதாக வருபவர்களை அவசியம் எச்சரிக்க விரும்புகிறேன். ஆர்டிஎஸ்,எஸ் என்ற மலேரியாத் தடுப்பூசியின் இலக்கான, ஒட்டுண்ணியின் சிஎஸ்பி புரதத்தில் என்-ஏ-என்-பி என்ற நான்கெழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. வடிகட்டியை இயக்கினால், தடுப்பூசிக்கு உயிர்நாடியான அந்தப் பகுதியே ஒப்பீட்டிலிருந்து விலக்கப்படும்.

மனிதப் புரதங்களோடு ஒற்றுமை உண்டா என்று பார்க்க, உயிரினப் பெட்டியில் மனிதனைத் தேர்ந்தால் போதும். இந்த வசதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதே பெட்டியில் ஃபால்சிபாரத்தைத் தேர்ந்து, சிவப்பணுவுக்குள் நுழைய உதவும் மற்றொரு புரதமான ஆர்எச்5-ஐயும் ஒருமுறை இட்டுப் பாருங்கள். ஏஎம்ஏ1-இல் கண்ட வெற்றிடங்களோடு ஒப்பிட்டால் இங்கே அவை மிகக் குறைவு. தடுப்பூசி ஆய்வாளர்கள் இப்புரதத்தை நாடிச் சென்றதற்கு முக்கியமான காரணங்களுள் ஒன்று அந்தத் திரையிலேயே தெரியும்.